கைக்கு வந்த விதம்

ஜூலை 3, புதன்

கல்லூரியில் வாங்கிய வேதியியல் ரெக்கார்டு நோட்டில் பாதிக்குமேல் எழுதாத தாள்கள். வீணாகப் போவானேன் என்று எடுத்திருக்கிறேன்.

காலையில் ஜன்னல் இடுக்குகளிலும் கதவடியிலும் ஈரத்துணி திணித்தேன். பதினொரு மணிக்கெல்லாம் துணி சாம்பல் நிறம். சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது. அங்கிருந்து பத்து நிமிட நடையில் சயனைட் மேடு. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிவைத்த மண், குன்று அளவுக்கு நிற்கிறது. காற்று எழும்பினால் கோதுமை மாவு மாதிரி வீட்டுக்குள் வந்துவிடும். வேனிலுக்கு இரண்டு வயது நான்கு மாதம். இன்று மூன்று தடவை நெபுலைசர் வைத்தேன். இப்போதெல்லாம் அழுவதில்லை, முகமூடியைப் பார்த்ததும் தானே கழுத்தை நீட்டுகிறாள். அழுதால் தேவலை.

"மருந்து எழுதித் தரலாம்மா. காத்த எழுதித் தர முடியாது" என்கிறார் டாக்டர். ஆடிக் காற்று முற்றுவதற்குள் குழந்தையை இங்கிருந்து கொண்டுபோய்விடச் சொல்லி இது இரண்டாவது தடவை.

என் கணவர் அறவாழி பெங்களூரில் வேலை பார்க்கிறார். விடிவதற்கு முன் ரயிலேறி, நான் இரவுச் சாப்பாட்டை மூடிவைத்தபின் வருகிறார். கிருஷ்ணராஜபுரத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறார். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். தடை ஒன்றுதான். மாமா, இவருடைய அப்பா, வரமாட்டார். எழுபத்தெட்டு வயது, முப்பத்தேழு வருஷம் சுரங்கத்துக்குள் வேலை, நெஞ்சில் பாறைத்தூள். அவரைத் தனியே விட்டுவிட்டு இவர் வரமாட்டார்.

மாமா சொல்லும் காரணம் ஒரே வாக்கியம். "நைனாவ உள்ள உட்டுட்டு நான் எங்கம்மா வர்றது?"

நைனா என்பது அவருடைய அப்பா ஏகாம்பரம். குடியாத்தம் பக்கத்திலிருந்து தங்கத்துக்காக வந்தவர். மாமாவுக்கு ஆறு வயதாக இருந்தபோது ஒரு பாறை வெடிப்பில் ஆறு பேர் கீழே புதைந்தார்கள். அவர் அதில் ஒருவர். உடல்களை எடுக்க முடியவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஜூலை இருபத்தெட்டாம் தேதி மூடிய சுரங்க வாயிலின் கம்பிவேலி ஓரம் மாமா கஞ்சியும் வெங்காயமும் வைத்துவிட்டு வருகிறார்.

ஜூலை 6, சனி

ஒரு வேலை உருப்படியாக நடந்தது. பழைய கிளப்பின் சீட்டாட்ட அறையில் எஸ்தர் அக்கா ஒரு காட்சிக்கூடம் அமைக்கிறார். சுரங்கத்து வீடுகளில் கிடக்கும் சாமான்களைக் கேட்டு வாங்கி அடுக்குகிறார். அவருடைய அப்பா சுரங்கத்தில் வருகைப்பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். திறப்பு விழாவை அந்த ஜூலை இருபத்தெட்டாம் தேதியே வைத்திருக்கிறார்.

கார்பைடு விளக்கு, தொப்பி, ஏகாம்பரம் தாத்தாவின் போட்டோ மூன்றையும் கொடுத்துவிட்டு வரும்படி மாமா சொல்லியிருந்தார். டிரங்குப் பெட்டியில் போட்டோவை எடுக்கும்போது அடியில் ஒரு துணி முடிச்சு கிடைத்தது. பிரித்தால் பித்தளைப் பில்லை. உள்ளங்கையில் பாதி அளவு, மேலே துளை, நடுவில் 417. மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, புளி போட்டுத் தேய்த்து மற்றவற்றோடு கொண்டுபோனேன். மாமா அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிக் கேட்டிருக்கலாம்.

எஸ்தர் அக்காவுக்கு விளக்கும் தொப்பியும் பெரிதாகத் தெரியவில்லை. பில்லையைப் பார்த்ததும் அப்பாவின் பழைய நோட்டைப் புரட்டினார். 417, ஏகாம்பரம். இறந்த ஆறு பேரின் பெயரையும் ஒரு சுவரில் எழுதப் போகிறார்களாம்; அதன் கீழே கண்ணாடிப் பெட்டியில் இது ஒன்றைத்தான் வைப்பாராம். ஒரு படிவம் கொடுத்தார். பொருள், பயன்படுத்தியவர், காலம், கைக்கு வந்த விதம். கடைசிக் கட்டம் எனக்குத் தெரியவில்லை, வீட்டில் கேட்டு எழுதுகிறேன் என்றேன். படிச்ச பொண்ணு, அட்டையும் நீயே எழுதிக் கொடு என்றார். வேனில் அங்கே ஒரு மணி நேரம் இருமவேயில்லை.

ஜூலை 9, செவ்வாய்

பில்லை எப்படிக் கிடைத்தது என்று மாமாவிடம் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறினார்.

"அத யாரு எடுக்கச் சொன்னது?"

கொடுத்தாகிவிட்டது என்றேன். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனவர், குழாயை மூடாமலே நின்றார்.

ஜூலை 10, புதன்

மாமா பேசவில்லை. நெபுலைசர் இரண்டு.

ஜூலை 14, ஞாயிறு

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். நேற்று எழுத உட்கார்ந்தேன், ஓடவில்லை.

படிவத்தைத் திருப்பிக் கேட்டு எஸ்தர் அக்கா ஆள் அனுப்பியிருந்தார். போனேன். விழா அழைப்பிதழ் அச்சாகி வந்திருந்தது, முன்பக்கத்தில் 417. கடைசிக் கட்டம் இன்னும் காலி என்றதும் அதை ஏன் விடாமல் கேட்கிறார் என்பதைச் சொன்னார்.

டைம் ஆபீஸில் ஒரு பெரிய பலகை, அதில் நம்பர் போட்ட ஆணிகள். ஷிப்டுக்கு வருகிறவன் தன் பில்லையை வாங்கிக்கொண்டு கூண்டில் ஏறிக் கீழே போவான். மேலே வந்ததும் திருப்பிக் கொடுப்பான், அது ஆணியில் ஏறும். ஆணி வெறுமையாக இருந்தால் ஆள் இன்னும் உள்ளே. வெடிப்பு நடந்த அன்று ஆபீஸில் எண்ணியது ஆட்களை அல்ல, வெறும் ஆணிகளை. ஆறு.

"உள்ள போனவங்க பில்லை அவங்களோடவே போச்சு. அதனாலதான் கேக்கறேன் தமயந்தி. இது எப்படி ஒங்க வூட்டுக்கு வந்துச்சு?"

தெரியவில்லை என்றேன். அப்போது உண்மையிலேயே தெரியாது. வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் புரிந்தது. பில்லை வீட்டில் என்றால் ஆளும் உள்ளே இல்லை. வேனிலைத் தூக்கியிருந்த கை மரத்துப்போய், வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன்.

முப்பத்தேழு வருஷம் தினமும் பில்லை வாங்கிக்கொண்டு கீழே போய்வந்த மனிதருக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்குமா?

மாமா சொல்லும் காரணம் உடைந்ததில் சந்தோஷமெல்லாம் இல்லை. எழுதிவைக்கிறேன், எனக்குச் சந்தோஷம் எதுவும் இல்லை.

ஜூலை 17, புதன். ஆடி ஒன்று

காற்று வந்துவிட்டது. விடியற்காலையில் வேனிலின் உதட்டோரம் நீலம் பாய்ந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆக்சிஜன் வைத்தார்கள். பத்து மணிக்குத் திரும்பினோம். மாமா வாசலிலேயே நின்றிருந்தார். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் நெஞ்சும் விசிலடிக்கிறது, அவள் நெஞ்சும். எது யாருடையது என்று தெரியாதபடி.

நான் பில்லையைப் பற்றிக் கேட்டது படிவத்துக்காகத்தான். ஆணிப் பலகை விஷயம் எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். இன்றைக்கே கேட்டிருக்க வேண்டுமா என்றால், எனக்கு வேறு நாள் இல்லை.

மாமா குழந்தையைக் கீழே விடாமலே சொன்னார்.

"சங்கு ஊதறப்ப நைனா வூட்ல கஞ்சி குடிச்சிக்கினு இருந்தாரு."

மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். இரண்டு நாளாகக் கீழே பாறை முனகுகிறது என்று ஏகாம்பரம் பயந்துகொண்டிருந்தாராம். அன்று காலை பில்லையை வாங்கினார், கூண்டுக்கு வரிசையில் நின்றார், கால் வரவில்லை. யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். பத்து மணிக்கு விபத்துக்கான நீளச் சங்கு. லைனே சுரங்கத்தைப் பார்த்து ஓடியது. மாமாவின் அம்மா மட்டும் கதவைத் தாழிட்டார். பில்லை வாங்கிவிட்டு இறங்காதவனுக்கு வேலை போகும், வீடு போகும். மத்தியானம் ஆபீஸிலிருந்து ஆறு நம்பர் சொன்னார்கள், அதில் 417. பக்கத்து வீட்டுப் பெண்கள் கதவைத் தட்டி அழ ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கப்புறம் அவர் உயிரோடு வெளியே வர முடியாது. இருட்டினதும் பின்பக்கமாகப் போய்விட்டார்.

"பில்லைய அலமாரியில வெச்சிட்டுப் போயிட்டாரு. கையோட எடுத்துக்கினு போயிருந்தா இந்தப் பாடு இல்ல. எங்கம்மா சொல்லுச்சு, நைனா உள்ள இருக்காருன்னு சொல்லணும்னு. சொன்னேன். சொல்லிக்கினே இருக்கேன்."

அந்தச் சாவுக்குக் கிடைத்ததுதான் பதினெட்டு வயதில் மாமாவுக்கு வந்த வேலை. இந்த வீடும்.

அப்படியானால் உள்ளே யாரையும் விட்டுவிட்டுப் போகவில்லையே, பிறகு ஏன் இங்கேயே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். இதைக் கேட்டிருக்க வேண்டாம்.

"போன ஆளுக்குத் தெரிஞ்ச வெலாசம் இது ஒண்ணுதான்" என்றார். பிறகு, "நூறு வயசு தாண்டியிருக்கும். தெரியாமயா இருக்கேன்?"

ஜூலை 20, சனி

அறவாழிக்கு இன்னும் தெரியாது. மாமா சொல்ல வேண்டாம் என்றார், நானும் சொல்லவில்லை.

பில்லையைத் திருப்பி வாங்கினால் ஏன் என்று ஊர் கேட்கும். கட்டத்தைக் காலியாக விட்டால் எஸ்தர் அக்கா கேட்பார். நான் மாமாவிடம் சொன்னது இவ்வளவுதான்: கட்டத்தில் ஏதோ ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும். வெடிப்புக்குப் பின் தோண்டியபோது கிடைத்தது என்று எழுதினால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சுவரில் பெயர் ஏறிவிட்டால் அவர் எங்கே இருக்கிறார் என்பது தீர்ந்துவிடும், யாரும் இங்கே உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதில்லை. பெங்களூரில் நம்மை யாருக்கும் தெரியாது.

மிரட்டவில்லை. குரல்கூட உயர்த்தவில்லை.

மாமா வெகுநேரம் வேனிலின் காலைத் தடவிக்கொண்டிருந்தார். "எழுதிக் குடுத்துடு. மொத வாரம் போலாம்" என்றார்.

அறவாழிக்குப் போன் செய்தேன். ரயிலில் இருந்தார். அப்பாவ எப்படிம்மா சம்மதிக்க வெச்சே என்று சிரித்தார். கிருஷ்ணராஜபுரம் வீட்டுச் சொந்தக்காரருக்கு இன்றே சொல்லிவிட்டார். வருகிற வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன், ஆகஸ்ட் ஒன்று, வண்டி.

ஜூலை 24, புதன்

கைக்கு வந்த விதம்: "வெடிப்புக்குப் பின் மீட்புப் பணியில் தோண்டியபோது கிடைத்து, குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது."

கையெழுத்து நன்றாக வந்தது. எஸ்தர் அக்கா இரண்டு தடவை படித்தார். "தோண்டுனப்ப கெடச்சுதா?" ஆமாம் என்றேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு முத்திரை போட்டுவிட்டு, கொழந்தைக்கு மூச்சு எப்படி இருக்கு என்று கேட்டார்.

பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

திறப்பு விழா. நல்ல கூட்டம். ஆறு பெயரையும் வாசித்தார்கள், ஏகாம்பரம் மூன்றாவது. மாமா வெள்ளைச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் அட்டையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். மாமா அந்தப் பக்கம் போகவில்லை. திரும்பும்போது கம்பிவேலிக்குப் போகலாமா என்றேன். இந்த வருஷம் வேணாம் என்றார்.

நாலு நாள்தான்.

ஜூலை 29, திங்கள்

மூன்று லைன் தள்ளியிருக்கும் பாக்கியவதி அம்மா வந்தார். மாமாவைவிட இரண்டு வயது சின்னவர். அவருடைய அப்பாவும் அந்த ஆறு பேரில் ஒருவர். பேத்தி அட்டையைப் படித்துக் காட்டியிருக்கிறாள். இரவெல்லாம் தூங்கவில்லையாம். சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடிக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

"அந்த எடம் மட்டும் யாராலயும் போவ முடியலன்னு எங்கம்மாகிட்ட சொன்னாங்க. எங்கம்மா அந்தச் சொல்லை நம்பித்தான் செத்துச்சு. ஒங்க மாமாவோட நைனா பில்லைய எடுத்தாங்கன்னா அங்க போயிருக்காங்க. பக்கத்துலதான எங்க நைனா நின்னிருப்பாரு? நீ எழுதுனவ. சொல்லும்மா. அங்க வேற இன்னா இருந்துச்சு?"

என்னால் பதில் சொல்லியிருக்க முடியும். வேறு எதுவும் கிடைக்கவில்லையாம் பெரியம்மா என்றால் முடிந்தது. வார்த்தை நாக்கில் இருந்தது. வேனில் உள்ளே இருமினாள், வியாழக்கிழமை என்று மனம் சொன்னது, வாயைத் திறந்தும்விட்டேன்.

அதற்குள் மாமா உள்ளறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"எங்க நைனா கீழ போவல பாக்கியம். வூட்ல இருந்தாரு. நான் பாத்தேன்."

எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார். கஞ்சி, சங்கு, தாழ்ப்பாள். முடிந்தபின் பாக்கியவதி அம்மா அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"அப்ப எங்க நைனாவும் போவாம இருந்திருப்பாரா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எழுபத்தாறு வயது முகம் அந்தக் கேள்வியில் ஒரு நொடி சின்னப்பிள்ளை முகமாகிவிட்டது. மாமா அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒங்க வூட்ல பில்லை இருந்துச்சா?"

"இல்ல."

"தேடிப் பாத்தீங்களா?"

"ஒரே பெட்டி. எங்கம்மா செத்தப்ப நாந்தான் தொடச்சேன். ஒண்ணும் இல்ல."

"அப்ப போனாரு பாக்கியம். கூண்டுல ஏறிப் போனாரு."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். அழவில்லை. போனாரு, என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிக்கொண்டார். எழுந்திருக்கக் கை நீட்டினார், மாமாதான் பிடித்துத் தூக்கிவிட்டார்.

ஜூலை 30, செவ்வாய்

லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. பாக்கியவதி அம்மா சொல்லியிருக்கமாட்டார். சுவர் ஒற்றைக்கல் சுவர், பேசினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

மாமாவும் நானும் காட்சிக்கூடத்துக்குப் போனோம். எஸ்தர் அக்கா ஆச்சரியப்படவில்லை. அப்பாவின் நோட்டை எடுத்து அந்த நாளைக் காட்டினார். வெறும் ஆணி ஆறு. ஓரத்தில் பென்சிலில், கூண்டில் இறங்கியவர் ஐந்து என்று கூண்டுக்காரர் சொல்கிறார். தெரிந்தும் ஏன் முத்திரை போட்டீர்கள் என்று கேட்டேன்.

"எங்கப்பாவும் போட்டாரே" என்றார்.

மாமா சொல்லச் சொல்ல நான் புது அட்டை எழுதினேன். "இவர் உள்ளே போகவில்லை. சங்கு ஊதியபோது வீட்டில் இருந்தார். பில்லையை வைத்துவிட்டுப் போய்விட்டார்." சுவரில் மூன்றாவது பெயரை அழிக்கப் பெயிண்டர் நாளை வருவார். பில்லையைத் திருப்பித் தரவா என்று கேட்டார் அக்கா. இருக்கட்டும் என்றார் மாமா.

வீட்டுக்கு வந்ததும் நான் பயந்தது நடந்தது. மாமா சாக்கு மூட்டையில் தன் வேட்டி சட்டையைத் தேடி எடுத்து, திரும்ப ஆணியில் மாட்டினார்.

"இப்ப நான் போனா அப்பன் மாதிரியே புள்ளையும் ஓடிட்டான்னுவாங்க. நீ கொழந்தைய எடுத்துக்கினு போ. அவனையும் கூட்டிக்கினு போ. அறவாழிகிட்ட நான் பேசறேன்."

அவர் பேசினார். அறவாழி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், எனக்கு எப்போது தெரியும் என்று. பதினேழாம் தேதி என்றேன். அப்பாவை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

நான் சமையலறைக்குப் போய் அரிசி டப்பாவைச் சாக்கிலிருந்து வெளியே எடுத்தேன். மறுபடி உள்ளே வைத்தேன். மறுபடி எடுத்தேன்.

ஜூலை 31, புதன்

நெபுலைசர் நான்கு.

சாயங்காலம் பாக்கியவதி அம்மா தூக்குவாளியோடு வந்தார். ரசமும் சோறும். அறவாழியை உட்காரவைத்துப் பேசினார், மாமா காதில் விழும்படி.

"நீ போடா. தெனம் ரெண்டு வேளை சோறு கொண்டாறேன். சோறு குடுக்கற மாதிரி குடுத்துட்டு, ஆளு இருக்கானா ஓடிட்டானான்னும் பாத்துக்கறேன்."

மாமா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அறவாழி எழுந்து போய் முதுகைத் தடவிவிட்டார். அப்படியே நின்றபடி, ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்துவிடுவேன் என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

வண்டி எட்டு மணிக்கு வந்தது. மாமா வேனிலைத் தூக்கி டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்தார். நான் காலில் விழப் போனேன். வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார். கோபமாகத் தெரியவில்லை. கோபமாகவே இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மூன்று நாளில் நெபுலைசர் ஒரே தடவை. ஜன்னலைத் திறந்துவைத்திருக்கிறேன். எதிரே இன்னொரு வீட்டுச் சுவர், கைநீட்டினால் தொடலாம். லாரிச் சத்தம் ஓயவில்லை. வேனில் அதிலும் தூங்குகிறாள்.

அறவாழி என்னிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறார். இன்று அதிகாலை ரயிலில் அப்பாவைப் பார்க்கப் போய்விட்டு மூன்று மணிக்குத் திரும்பினார். எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இருக்கார் என்றார்.

அப்போது வீட்டுக்காரம்மா மேலே வந்து, வீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டார். அறவாழி மூன்று என்றார். அதே நேரம் நான் நான்கு என்றேன். அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தண்ணீர் விடுவதற்காகத்தான் கேட்டேன், முடிவு செய்து சொல்லுங்கள் என்று இறங்கிப் போனார்.

அறவாழி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். என்னைப் பார்த்தார். ஐந்து நாளில் இதுதான் முதல் தடவை.